காட்டுக்கும் காற்றுக்கும் கணக்குப் பார்க்கும் படிப்பு

புது தில்லி: ஒரு மரம் ஓராண்டில் தரும் பயனின் மதிப்பு ரூ. 74,500. உச்ச நீதிமன்றம் அமைத்த ஐவர் குழு 2021-ம் ஆண்டு தெரிவித்த கணக்கு இது. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்கள் கட்டுவதற்காக 356 மரங்களை வெட்டலாமா என்ற வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. மரத்தின் வயதை இத்தொகையால் பெருக்கினால் அதன் மதிப்பு கிடைத்துவிடும் என்றது அக்குழு. நூறாண்டை வெகுவாகக் கடந்த மரம் என்றால், மதிப்பு ரூ. 1 கோடியையும் தாண்டக் கூடும் என்றது.

மரங்களை நேசிப்பவர்களுக்கு இது இனிப்பான செய்தி. ஆனால், பொருளியல் பட்டப் படிப்பில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்த மாணவர் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்தால் உடனே ஒரு கேள்வி கேட்பார். அந்த ரூ. 74,500-ல் ரூ. 45,000 பிராண வாயுவுக்கான மதிப்பு. மருத்துவமனையில் சிலிண்டரில் அடைத்த பிராண வாயுவுக்கு விலை உண்டு. வெளிக் காற்றிலோ அதற்குத் தட்டுப்பாடு கிடையாது. ஒரு மரம் குறைவதால் யாருக்கும் பிராண வாயு குறைந்துவிடாது. அப்படியிருக்க, அந்த விலையை இங்கே எப்படி வைக்க முடியும்?

மரம் தரும் நிழல், தடுத்து நிறுத்தும் தூசி, நிலத்துக்குள் இறக்கும் மழைநீர், பறவைகளுக்குத் தரும் புகலிடம் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்திருந்தால் தொகை ஒருவேளை குறைந்திருக்கும். ஆனால், எதிர்த்தரப்பு எளிதில் அசைக்க முடியாத கணக்காக அது அமைந்திருக்கும். நல்ல நோக்கத்துக்காகப் போடப்படும் பிழையான கணக்கு, அந்த நோக்கத்தையே பலவீனப்படுத்திவிடுகிறது.

இத்தகைய கணக்குகள் இன்று தில்லியில் நாள்தோறும் தேவைப்படுகின்றன. உச்ச நீதிமன்றம், தேசிய பசுமைத் தீர்ப்பாயம், சுற்றுச்சூழல் அமைச்சகம், நிதி அமைச்சகம் என எங்கு சென்றாலும் "இதனால் இழப்பு எவ்வளவு, யாருக்கு?" என்ற கேள்வி மேஜை மீது இருக்கிறது. அதற்குப் பதில் தேடக் கற்றுத் தருவது பயன்பாட்டுப் பொருளியலும் சுற்றுச்சூழல் பொருளியலும். ஆனால், நம் நாட்டில் இளநிலைப் பட்ட அளவில் இதை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலான கல்லூரிகளில் இது ஒரேயொரு விருப்பப் பாடம்.

விலையில் சேராத செலவு

இப்படிப்பின் அடிப்படை எளிமையானது. சாயத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் புத்தகத்தில் நூல் விலை, கூலி, மின் கட்டணம் எல்லாம் இருக்கும். அதன் கழிவுநீரால் பக்கத்து விவசாயியின் கிணறு பாழானது மட்டும் இருக்காது. அந்தச் செலவை விவசாயி சுமக்கிறார். துணியின் விலையிலோ அது சேர்வதில்லை. அதனால் துணி உண்மையான செலவைவிட மலிவாக விற்கிறது. சமூகத்துக்கு ஏற்றதைவிட அதிகமாக உற்பத்தியாகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்கின்றனர்.

இதற்குத் தீர்வாக, ஏற்படும் சேதத்துக்கு ஈடான வரியை விதிக்கலாம் என்று 1920-ம் ஆண்டிலேயே எழுதினார் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகூ. உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேச்சு நடத்துவதற்கான செலவும் குறைவாக இருந்தால், இரு தரப்பும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள முடியும் என்று 1960-ல் வாதிட்டார் ரொனால்ட் கோஸ். தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் கனிமத்தை எந்த வேகத்தில் எடுப்பது என்ற கேள்விக்கு 1931-ல் கணித வடிவம் தந்தார் ஹரால்டு ஹோட்டலிங்.

பொதுவில் இருக்கும் மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று 1968-ல் எச்சரித்தார் காரெட் ஹார்டின். அவர் உயிரியல் அறிஞர். ஊர் கூடி விதி வகுத்துக் காத்துவரும் காடுகளையும் நீர்ப் பாசனங்களையும் உலகெங்கும் ஆராய்ந்து, "அழிந்தே தீர வேண்டும் என்பதில்லை" என்று காட்டினார் எலினார் ஆஸ்ட்ரம். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009-ல் பெற்றபோது, அத்துறையில் அப்பரிசை வென்ற முதல் பெண் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

ஆஸ்ட்ரம் சொன்னதற்கு இமயமலைச் சரிவிலேயே சான்று உண்டு. உத்தரகண்டில் 1931-ம் ஆண்டு முதல் வனப் பஞ்சாயத்துகள் கிராமக் காடுகளை நிர்வகித்து வருகின்றன. தில்லியிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் இ. சோமநாதனும் அவருடன் பணியாற்றியவர்களும், அக்காடுகளையும் வனத் துறையின் காடுகளையும் செயற்கைக்கோள் படங்களின் உதவியுடன் ஒப்பிட்டு 2009-ல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். காட்டின் நிலையில் கிராமத்தார் பின்தங்கவில்லை. ஆனால், நிர்வாகச் செலவு வனத் துறைக்கு ஆவதைவிட மிகக் குறைவு என்பது அதன் முடிவு.

பிகூவின் வரிக்கோ தில்லியின் எல்லையிலேயே சான்று உண்டு. தலைநகருக்குள் நுழையும் சரக்கு வாகனங்கள் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும் என 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறிய வாகனங்களுக்கு ரூ. 700, பெரிய லாரிகளுக்கு ரூ. 1,300 என நிர்ணயிக்கப்பட்டது. இரு மாதங்களில் அது ரூ. 1,400, ரூ. 2,600 என இரட்டிப்பானது. வேறு மாநிலத்துக்குச் செல்லும் லாரி, சுற்றுச் சாலை இருந்தும் தில்லிக்குள் புகுந்து செல்வது ஏன்? அதுவே மலிவான வழி என்பதால்தான். அந்த மலிவைக் கட்டணத்தின் மூலம் போக்குவதே நோக்கம். அந்தத் தொகை எப்படி முடிவானது, சேதத்துக்கு ஈடானதா, அதிகமா, குறைவா என்று ஆராய்வது மாணவரின் பயிற்சி.

தமிழகத்திலிருந்து வந்த இரு வழக்குகள்

இத்துறைக்கு இந்தியாவில் அடித்தளம் அமைத்தவை என்று சொல்லத்தக்க இரு வழக்குகள் தமிழகத்திலிருந்து தில்லிக்கு வந்தவை.

முதலாவது, பாலாற்றைப் பாழாக்கிய தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. அதில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், "மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்" என்ற கோட்பாடு நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது. பாதிக்கப்பட்டோரை அடையாளம் கண்டு இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது. கோட்பாட்டை அறிவிப்பது நீதிபதியின் வேலை. உப்பேறிய வயலில் எத்தனை போக விளைச்சல் போயிற்று, அதன் மதிப்பு என்ன என்று கண்டறிவது பொருளியல் தெரிந்தவரின் வேலை. அதே கோட்பாடு பின்னர், 2010-ம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் இடம்பெற்றது.

இரண்டாவது, நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கு. ஒரு வட்டாரத்தின் மர வெட்டைத் தடுக்கக் கோரிய மனு, நாட்டின் காடுகள் அனைத்தையும் உள்ளடக்கிய வழக்காக வளர்ந்து, அவர் 2016-ல் காலமான பிறகும் தொடர்ந்தது. அவ்வழக்கில்தான், காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ பெறுபவர்கள் அக்காட்டின் "நிகர இன்றைய மதிப்பு"க்கு ஈடான தொகையைச் செலுத்த வேண்டும் என 2002-ல் உத்தரவு பிறந்தது.

தொடக்கத்தில் ஹெக்டேருக்கு ரூ. 5.80 லட்சம் முதல் ரூ. 9.20 லட்சம் வரை என்று வசூலிக்கப்பட்டது. இந்தத் தொகைக்கு ஆதாரம் என்ன என்ற கேள்வி எழுந்ததும், தில்லி பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் காஞ்சன் சோப்ரா தலைமையில் குழு அமைக்க 2005-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மரம், விறகு, தீவனம், காட்டில் கிடைக்கும் சிறு விளைபொருள்கள், சுற்றுலா, நீர்ப்பிடிப்பு, கரியமில வாயுவை ஈர்த்து வைத்தல் என ஒவ்வொன்றையும் பிரித்து மதிப்பிடும் வழிமுறையை அக்குழு வகுத்தது. பின்னர் 2008 மார்ச்சில், காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு ரூ. 4.38 லட்சம் முதல் ரூ. 10.43 லட்சம் வரை என நீதிமன்றம் நிர்ணயித்தது. சரணாலயமானால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்காவானால் பத்து மடங்கு. இந்தத் தொகைகள் 2022-ல் உயர்த்தப்பட்டன.

இப்படிச் சேர்ந்த பணம் சிறிதல்ல. ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் 2016-ல் நிறைவேறிய பிறகு, 2019 ஆகஸ்டில் மத்திய அரசு ரூ. 47,436 கோடியை மாநிலங்களுக்கு வழங்கியது. அதில் பெரும்பகுதிக்கு அடிப்படை, ஒரு ஹெக்டேர் காட்டின் மதிப்பு இவ்வளவு என்று யாரோ போட்ட கணக்கு. கணக்கில் சிறு மாற்றம் செய்தாலும் ஒரு சுரங்கம் லாபகரமாகலாம், அல்லது கைவிடப்படலாம்.

ஐம்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு ரூபாய்

இக்கணக்கில் மிகவும் சர்ச்சைக்குரிய எண் ஒன்று உண்டு. எதிர்காலத்தில் கிடைக்கும் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டப் பயன்படும் தள்ளுபடி வீதமே அது.

ஒரு காடு ஐம்பது ஆண்டுகள் கழித்து ரூ. 100 மதிப்புள்ள பயன் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற வீதத்தில் கணக்கிட்டால், இன்று அதன் மதிப்பு 85 காசு மட்டுமே. 4 சதவீதம் என்றால் ரூ. 14. 2 சதவீதம் என்றால் ரூ. 37. காடு அதே காடு, பயனும் அதே பயன். எந்த வீதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில், பேரப் பிள்ளைகளின் நலனுக்கு நாம் தரும் மதிப்பு ஒளிந்திருக்கிறது.

பருவநிலை மாற்றம் குறித்து உலக அளவில் நடந்த பெரிய விவாதமும் இதையொட்டியதே. பிரிட்டன் அரசுக்காக 2006-ல் அறிக்கை தந்த நிகோலஸ் ஸ்டெர்ன், குறைந்த வீதத்தைக் கையாண்டு, உடனடியாகப் பெருமளவு நடவடிக்கை தேவை என்றார். பின்னர் 2018-ல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்டுஹாஸ், அதைவிட உயர்ந்த வீதத்தைக் கையாண்டு, படிப்படியான நடவடிக்கையே ஏற்றது என்று வாதிட்டார். இருவரும் தேர்ந்த அறிஞர்கள். வேறுபாட்டின் வேர், பெரிதும் இந்த ஒரு எண்ணில் இருந்தது. ஒரு திட்ட அறிக்கையைக் கையில் எடுத்தவுடன் இந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கமே இப்படிப்பு தரும் முதல் பலன்.

ஒன்றைக் காக்க, இன்னொன்று கெட்டது

"பயன்பாட்டு" என்ற அடைமொழிக்குப் பொருள் இருக்கிறது. கோட்பாட்டைத் தாளில் எழுதுவதோடு நில்லாமல், விவரங்களைத் திரட்டி, ஓர் உத்தரவு உண்மையில் என்ன செய்தது என்று சோதிப்பதே பயன்பாட்டுப் பொருளியல். அதற்குப் பஞ்சாபை விடச் சிறந்த பாடம் இல்லை.

இலவச மின்சாரமும் நெல்லுக்கு உறுதியான அரசுக் கொள்முதலும் சேர்ந்து பஞ்சாபின் நிலத்தடி நீரை ஆண்டுக்காண்டு கீழே இறக்கின. இதைத் தடுக்க அம்மாநிலம் 2009-ல் சட்டம் கொண்டுவந்தது. கொளுத்தும் கோடையில் நடவு செய்தால் நீர் ஆவியாகி வீணாகும் என்பதால், ஜூன் 10-ம் தேதிக்கு முன் நாற்று நடக் கூடாது என்றது அச்சட்டம். ஹரியாணாவும் அதே ஆண்டில் இதுபோன்ற சட்டம் இயற்றியது.

நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இருந்த அவகாசம் சுருங்கியது. வயலில் நிற்கும் வைக்கோல் தாளை அகற்ற விவசாயிக்குக் கிடைத்த மலிவான, விரைவான வழி நெருப்பு. முன்பைவிடத் தாமதமாக, காற்று அசையாமல் நிற்கும் அக்டோபர் இறுதி, நவம்பர் நாள்களில் எழும் அந்தப் புகை, தில்லியின் குளிர்காலப் பனியுடன் கலந்தது. நீரைக் காக்க வந்த சட்டம் காற்றைக் கெடுப்பதில் பங்கு பெற்றது.

இதில் விவசாயியை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது. மின்சாரத்தின் விலை, நெல்லின் விலை, இயந்திர வாடகை, கூலி, பருவம் ஆகிய ஐந்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான், அவர் ஏன் தீ வைக்கிறார் என்பது விளங்கும். நீரைச் சேமிக்கும் விவசாயிக்குப் பணம் தரும் திட்டத்தைப் பஞ்சாப் 2018-ல் சோதனை முறையில் தொடங்கியது. ஒதுக்கீட்டை விடக் குறைவாக மின்சாரம் எடுத்தால், மிச்சத்துக்கு அவர் வங்கிக் கணக்கில் தொகை சேரும். தடையை விட ஊக்கத்தொகை பலன் தருமா என்ற கேள்விக்கு இத்தகைய சோதனைகளே விடை சொல்ல முடியும்.

குஜராத்தில் கிடைத்த பாடம்

குஜராத்தில் தொழிற்சாலைகளின் மாசு அளவைத் தணிக்கை செய்பவருக்கு, அத்தொழிற்சாலையே ஊதியம் தரும் நடைமுறை இருந்தது. கூலி தருபவருக்குப் பாதகமாக யார் எழுதுவார்? எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிகோலஸ் ரையன் ஆகியோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் இணைந்து ஒரு சோதனை நடத்தினர். ஒரு பகுதித் தொழிற்சாலைகளுக்குத் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, ஊதியத்தைப் பொது நிதியிலிருந்து வழங்கி, அவர் எழுதியதை மறு அளவீடு செய்தும் பார்த்தனர். தணிக்கையாளர்கள் உண்மையை எழுதத் தொடங்கினர். தொழிற்சாலைகளும் மாசைக் குறைத்தன. இம்முடிவுகள் 2013-ல் வெளியாயின.

அதன் தொடர்ச்சியாக, புகையில் வரும் நுண்துகளுக்கு ஒரு சந்தை சூரத் நகரில் 2019-ல் தொடங்கப்பட்டது. மொத்தம் இவ்வளவு துகள்தான் வெளியேறலாம் என்று வாரியம் உச்ச வரம்பு வைக்கும். அதற்கான அனுமதிகளைத் தொழிற்சாலைகள் தமக்குள் வாங்கலாம், விற்கலாம். எளிதில் குறைக்கக் கூடியவர் குறைத்து, மிஞ்சிய அனுமதியை விற்று லாபம் பெறுவார். முந்நூறுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் நடந்த இச்சோதனையில், சந்தையில் சேர்ந்தவற்றின் துகள் வெளியேற்றம் 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்ததாகவும், மாசைக் குறைக்கும் செலவும் இறங்கியதாகவும் 2025-ல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. மத்திய அரசு 2023-ல் அறிவித்த கார்பன் வர்த்தகத் திட்டத்துக்கும் அடிப்படை, அனுமதிகளை வாங்கி விற்கும் இதே கருத்து.

எதிர்மறைப் பாடங்களும் உண்டு. நிலக்கரிக்கு டன்னுக்கு ரூ. 50 என 2010-ல் தூய எரிசக்தி மேல்வரி விதிக்கப்பட்டது. படிப்படியாக 2016-ல் அது ரூ. 400 ஆனது. சரக்கு-சேவை வரி 2017-ல் வந்தபோது, அந்தப் பணம் தூய எரிசக்திக்குப் போகாமல் மாநிலங்களுக்கான இழப்பீட்டு நிதிக்குத் திரும்பியது. நிலக்கரி மீதான அந்த மேல்வரி 2025 செப்டம்பரில் முடிவுக்கு வந்து, வரி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக மாற்றப்பட்டது. டன் கணக்கில் விதித்த வரி, விலைக் கணக்குக்கு மாறியதால், மட்டமான நிலக்கரியும் தரமான நிலக்கரியும் முன்பு போல் ஒரே தொகையைச் சுமப்பதில்லை. இதனால் எந்த நிலக்கரிக்குச் சாதகம் என்று ஆராய்ந்தால், ஒரு மாணவரின் ஆய்வுக் கட்டுரை தயார்.

எங்கே படிக்கலாம்?

வெளிநாடுகளில் இதை இளநிலையிலேயே முதன்மைப் பாடமாகப் படிக்க வழி உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், சுற்றுச்சூழல் பொருளியலும் கொள்கையும் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டப் படிப்பு இருக்கிறது.

இங்கே நிலைமை வேறு. சுற்றுச்சூழலை அனைவரும் படிக்க வேண்டும் என்று 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2003-ல் மீண்டும் வலியுறுத்தியதால், எல்லா இளநிலைப் படிப்புகளிலும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது. ஆனால், அது பொது அறிவுப் பாடம்; அதில் பொருளியல் கணக்குக்கு இடம் குறைவு. தில்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. (ஆனர்ஸ்) பொருளியல் படிப்போர், சுற்றுச்சூழல் பொருளியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். நான்காண்டுப் பட்டப் படிப்பு அங்கு 2022-ல் தொடங்கியது. மூன்றாண்டில் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டிலும் தொடர்பவர்கள் ஆய்வேடு எழுதலாம். விருப்பப் பாடத்தில் கற்றதை ஓர் ஏரியிலோ, குப்பைக் கிடங்கிலோ, பேருந்து வழித்தடத்திலோ சோதித்துப் பார்க்க இந்த நான்காம் ஆண்டு நல்ல வாய்ப்பு.

முதுநிலையில் வாய்ப்பு பெருகுகிறது. தில்லியில் டெரி உயர்கல்வி நிறுவனம் இத்துறையில் சிறப்புப் பயிற்சியுடன் முதுநிலைப் பொருளியல் கற்பிக்கிறது. சென்னையில் ராஜா செல்லையா முன்னின்று 1993-ல் உருவாக்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், சுற்றுச்சூழல் பொருளியலுக்கான சிறப்பு மையமாக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தால் அங்கீகரிக்கப்பட்டது. அங்கு இத்துறையிலேயே முதுநிலைப் பட்டம் பெறலாம். ஆக, இளநிலையில் பொதுப் பொருளியல், அதில் சுற்றுச்சூழல் விருப்பப் பாடம், பிறகு முதுநிலையில் சிறப்புப் பயிற்சி என்பதே இந்திய மாணவருக்கு நடைமுறையில் உள்ள பாதை.

கதவை அடைக்கும் பதினொன்றாம் வகுப்பு

இந்தப் பாதையின் முதல் கதவு கல்லூரியில் இல்லை, பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. தில்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் சேர, பள்ளியில் கணிதம் படித்து, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்விலும் கணிதத்தை எழுதியாக வேண்டும். மாசு அளவை எந்தப் புள்ளியில் நிறுத்துவது என்பதற்கு நுண்கணிதம் வேண்டும். சட்டத்தின் விளைவையும் பருவமழையின் விளைவையும் பிரித்தறியப் புள்ளியியல் வேண்டும். எனவே இந்த நிபந்தனையில் நியாயம் இருக்கிறது.

தமிழகத்தின் பிளஸ் 2 பொருளியல் பாடநூலில் சுற்றுச்சூழல் பொருளியலுக்குத் தனி அத்தியாயம் உண்டு. பொருளாதார அளவையியலுக்கும் அறிமுகம் உண்டு. ஆனால், பொருளியலை விரும்பி எடுக்கும் மாணவர்களில் பலர் கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்துவிடுகின்றனர். கணிதம் எடுத்தவர்களோ பொறியியலை நோக்கிப் போகின்றனர். பொருளியல் ஆர்வமும் கணிதமும் ஒரே மாணவரிடம் சேர்வது அரிதாகிவிடுகிறது. பதினைந்து வயதில் எடுத்த பிரிவு, பதினெட்டு வயதில் தில்லியின் கதவை அடைத்துவிடுகிறது. கணிதமின்றிச் சேரக் கூடிய பி.ஏ. பொருளியல் படிப்புகள் தமிழகத்தில் ஏராளம். அவற்றில் படிப்பவர்கள் முதுநிலைக்குப் போக விரும்பினால், முதலாண்டிலேயே கணிதத்தையும் புள்ளியியலையும் தனியே கற்கத் தொடங்குவது நல்லது.

வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை, இந்தியப் பொருளாதாரப் பணிக்கான தேர்வில் சுற்றுச்சூழல் பொருளியல் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே உள்ளது. மாசு வரி, அனுமதி வர்த்தகம், மதிப்பீட்டு முறைகள், பசுமைக் கணக்கு, சர்வதேச ஒப்பந்தங்கள் அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளாதார அளவையியல் ஆகிய ஒன்றில் முதுநிலைப் பட்டம் வேண்டும். இடங்கள் மிகக் குறைவு. 2024-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டவை 18 மட்டுமே. ஆனால், அரசுப் பணி ஒன்றே வழியல்ல. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள், சுற்றுச்சூழல் மற்றும் சமூகப் பொறுப்பு குறித்து ஆண்டறிக்கை தர வேண்டும் என்பதை 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. ஆய்வு நிறுவனங்கள், வங்கிகள், கார்பன் வர்த்தகம், திட்ட மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றிலும் ஆள் தேவைப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் விலையா?

இயற்கைக்கு விலை வைப்பதே தவறு என்று கருதுவோர் உண்டு. அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. விலை என்று ஒன்று இருந்தால், அதைக் கொடுத்துவிட்டு அழிக்கலாம் என்ற எண்ணம் வரும். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டுவது குறித்து, கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என 2013-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அம்மலை தெய்வம். அங்கு எந்தத் தள்ளுபடி வீதத்துக்கும் வேலை இல்லை. கணக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதும் படிப்பின் ஒரு பகுதி.

ஆனால், விலை வைக்க மறுத்தால் காடு காப்பாற்றப்படும் என்பதும் உறுதியில்லை. பெரும்பாலான நேரங்களில், விலை குறிக்கப்படாத ஒன்று அரசுக் கோப்பில் பூஜ்யமாகவே எழுதப்படுகிறது. பார்த்தா தாஸ்குப்தா இதை நீண்ட காலமாக வலியுறுத்தி வருபவர். தில்லி ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் இயற்பியலும், பிறகு கேம்பிரிட்ஜில் கணிதமும் படித்துப் பொருளியலுக்கு வந்தவர் அவர். நாட்டின் கணக்குகளில் இயற்கை வளத்தையும் சேர்ப்பது எப்படி என்று அவர் தலைமையிலான குழு 2013-ல் இந்திய அரசுக்கு அறிக்கை அளித்தது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிட்டு வருகிறது. பிரிட்டன் அரசுக்காக 2021-ல் அவர் அளித்த அறிக்கை, 1992 முதல் 2014 வரையிலான காலத்தில் உலகில் தலைக்கு மனிதன் படைத்த மூலதனம் இரட்டிப்பானபோது, இயற்கை மூலதனம் சுமார் 40 சதவீதம் சரிந்தது என்கிறது. வருமானத்தை மட்டும் பார்த்தால், வீட்டை விற்றுச் சாப்பிடுபவனும் செல்வந்தனாகவே தெரிவான்.

பாலாற்றின் கரையிலிருந்தும் கூடலூரின் காட்டிலிருந்தும் வந்த வழக்குகள், மாசுக்கும் காட்டுக்கும் கணக்குப் பார்க்கும் முறையை நாட்டுக்கே தந்தன. கணக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் தில்லியில் இருந்தவர்கள். பாழான கிணற்றில் நீர் இறைத்தவர்களின் பிள்ளைகளும் அந்த மேஜையில் அமர்ந்தால், எதை எண்ணுவது, எதை விட்டுவிடக் கூடாது என்பதில் கணக்கு இன்னும் நேர்மையாகும். பதினொன்றாம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளில், பெற்றோரும் ஆசிரியரும் இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம்.